டயரைத் தரையில் பிடித்து வைப்பது எது?

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். தென்காசியிலிருந்து அருவிக்கரை வரை கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரும். குடும்பமே ஏறிய வண்டி, நனைந்த சாலை, அடுத்தடுத்து வேகத்தடைகள். செங்கோட்டை தாண்டிக் கேரளம் போகிறவர்களுக்குப் புளியரை வளைவுகள் வேறு. தேய்ந்த சஸ்பென்ஷன் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம் இது. ஆனால் பலரும் அதைச் சொகுசுக் குறைவாகவே நினைக்கிறார்கள். "குலுக்கல் கொஞ்சம் கூடியிருக்கு, அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" என்பார்கள். உண்மையில் இது பிரேக்கைப் பற்றிய விஷயம்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது நசுங்கி எழுந்த பிறகும் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன் சிறு துளைகள் வழியே எண்ணெயைத் தள்ள, துள்ளலின் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால், அல்லது வால்வு தேய்ந்துவிட்டால், பள்ளத்தில் இறங்கி ஏறிய சக்கரம் அடங்காமல் குதிக்கும். குதிக்கும் டயர் தரையை அழுத்துவதில்லை. அழுத்தாத டயருக்குப் பிடிப்பும் இல்லை. அந்த நொடியில் பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் குறைவு. இதற்குச் சாட்சி டயரிலேயே இருக்கிறது. உள்ளங்கையை வைத்து டயரைச் சுற்றித் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக அலையலையாய்த் தட்டுப்பட்டால், சக்கரம் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

"முன்பக்கத்தை அமுக்கி விட்டேன், ஒரே ஆட்டத்தில் நின்றுவிட்டது, ஷாக் நன்றாகத்தான் இருக்கிறது" என்பவர்கள் உண்டு. அந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. நாம் அமுக்கும்போது ஆடுவது வண்டியின் உடல். அது நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறைதான் ஆடும். சாலையில் சக்கரம் நொடிக்குப் பத்து முறைக்கு மேலும் அதிரும். அடியோடு போன ஷாக்கை அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், பாதி தேய்ந்தது தப்பிவிடும். தேய்மானம் மாதக்கணக்கில் மெல்ல நடப்பதால் ஓட்டுபவரின் உடம்பும் அதற்குப் பழகிவிடுகிறது; தினமும் ஓட்டாத ஒருவர் ஓட்டிப் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார்.

"ரோடு மோசம், சத்தம் வரத்தானே செய்யும்" என்பதும் முழுப் பதில் ஆகாது. சாலை மோசமென்றால் நான்கு பக்கமும் சத்தம் வரும். வேகத்தடையில் இறங்கும்போது ஒரே மூலையில் 'டொக்' என்று கேட்டால் சஸ்பென்ஷனின் இணைப்பு உறுப்புகளான லிங்க் ராடு, புஷ், பால் ஜாயின்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்முனை பேரிங்கைச் சந்தேகிக்கலாம். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் நேரே அலைன்மென்ட்டுக்கு ஓடாதீர்கள், முதலில் புஷ்ஷைப் பாருங்கள். புஷ் தளர்ந்த வண்டியில் எத்தனை முறை செய்தாலும் அது நிற்காது, பணம்தான் போகும்.

செலவை நினைத்துத் தயங்குவது நியாயம்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. ஷாக்கை மட்டும் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி ஒருபுறம் இழுக்கக்கூடும். லிங்க் ராடு சில நாள் பொறுக்கும். பால் ஜாயின்ட் பொறுக்காது: அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். அதில் ஆட்டம் தெரிந்தால் அன்றைக்குப் புளியரை ஏறாதீர்கள்.