ரெண்டே ரெண்டு மாத்திரை

நீர்க்கடுப்புக்கு என் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கிடையாது. சித்தன்னவாசல் சுற்றுவட்டாரத்தில் எனக்கு ‘ராங்கிக்காரி’ என்று பேர் வந்ததே அதனால்தான்.

கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கடையில் ஆம்பளை நிற்காத நேரம் பார்த்து, காலி அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். “பக்கத்து வீட்ல இதத் தின்னுதான் சரியாச்சாம். ரெண்டே ரெண்டு குடுங்கக்கா.” சூடு என்று நினைத்து இளநீரும் வெந்தயமும் முன்பே முடிந்திருக்கும். காட்டுவேலையில் ஒதுங்க மறைவு கிடையாது; பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். நோய்க்குப் பாதி வழி அதுவே.

மீதியை ஈ.கோலை பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். நம் குடலில் குடியிருப்பதுதான். பெண்களுக்குச் சிறுநீர்ப்பாதை குட்டை, சுலபமாகப் பைக்குள் ஏறிவிடும். நாம் விழுங்கும் மாத்திரையோ குடலையும் விடுவதில்லை. அங்கே மருந்தைத் தாங்குகிறவை மட்டும் மிஞ்சிப் பெருகும். அடுத்த தடவை ஏறுவது அவைதான். சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். சில, மருந்தையே உடைக்கும் நொதியைச் செய்யும். அந்த வித்தைக்கான மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும்.

அப்படி ஒரு நொதி 2008இல் ஸ்வீடனில், இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீர்த்தொற்றில் பிடிபட்டது. டெல்லி போய் வந்தவர் என்பதால் அதற்கு என்டிஎம்-1 என்று பெயர். முதல் இரண்டு எழுத்தும் நியூ டெல்லி. ஆஸ்பத்திரிகள் கடைசிக்கென்று வைத்திருக்கும் கார்பபெனெம் ஊசியையே அது உடைத்தது. தலைநகர் பெயரை வைத்துவிட்டார்களே என்று நாட்டில் ஒரே கோபம். பெயரா முக்கியம்? 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகளில் அது இருந்தது. ஆஸ்பத்திரியில் அல்ல, வெளியிலேயே தொற்றிய சிறுநீர்த்தொற்றுகளும் அதில் சேர்த்தி.

2014 மார்ச் முதல் செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற்றி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது; கடைக்காரர்களுக்குத்தான் வியாபாரம் போய்விடுமே என்ற பயம்.

டாக்டரிடம் போனால், மாத்திரை தொடங்குமுன் யூரின் கல்ச்சர் பார்க்கலாமா என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும். 1950களில் வந்த நைட்ரோஃபியூரன்டாயின் இன்றும் பெரும்பாலான ஈ.கோலைக்குக் கேட்கிறது. குளிர்காய்ச்சல், விலாவலி சேர்ந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ என் கடைக்கு வராதீர்கள். அன்றைக்கே புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுங்கள்.