எதைத் தேடுவது என்று யார் சொல்வது?

உளவு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தேடிப் போகிற ஆள்தான். சினிமா அப்படிப் பழக்கியிருக்கு. ஆனால் வெளிநாட்டு அறிவியல், தொழில்நுட்ப விஷயங்களில் ஒரு அரசாங்கத்துக்கு ரொம்பக் கஷ்டமான வேலை தேடுவது இல்லை. எதைத் தேட வேண்டும் என்று முடிவு செய்வது. கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்து எடுத்த குறிப்புகளை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் தெருவில் இருக்கிற எல்லாக் கடையையும் வேவு பார்ப்பதில்லை. ஆடித் தள்ளுபடிக்கு எதிர்க்கடைக்காரர் என்ன விலை போடுகிறார், புதுச்சரக்கு எங்கிருந்து இறக்குகிறார், இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். கேள்வியும் அவருடையது, தப்பாகப் போனால் நஷ்டமும் அவருடையது. அரசாங்கத்தில் இந்த இரண்டும் தனித்தனி ஆட்களிடம் போய்விடுகின்றன. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாகிஸ்தானின் அணுகுண்டு முயற்சியை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸ் பாகிஸ்தானுக்கு ஒரு புளூட்டோனிய மறுசுத்திகரிப்பு ஆலை கொடுக்க 1976-ல் ஒப்பந்தம் போட்டது. உலகத்தின் கவனம் எல்லாம் அதன் மேல்தான். அமெரிக்கா நெருக்கியதில் 1978-ல் பிரான்ஸ் பின்வாங்கியது. ஆனால் அதற்கு முன்பே, 1975 டிசம்பரில், ஏ.க்யூ. கான் நெதர்லாந்திலிருந்து மையவிலக்கு இயந்திரங்களின் வரைபடங்களோடு ஊர் திரும்பியிருந்தார். யுரேனியத்தைச் செறிவூட்டும் இன்னொரு பாதை கஹூட்டாவில் தயாராகிக்கொண்டிருந்தது. இது பொதுவெளிக்கு வந்த விதம்தான் வேடிக்கை. 1978 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஃபிராங்க் அல்லான் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் எழுந்து, எமர்சன் நிறுவனம் பாகிஸ்தானுக்கு விற்கும் இன்வெர்ட்டர்களைப் பற்றிக் கேட்டார். கரண்ட் போனால் ஃபேன் ஓட வீட்டில் வைத்திருக்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சாதனம்தான். ஆனால் மையவிலக்கு மோட்டார்களைப் பிசகாத வேகத்தில் சுழற்றத் தேவையான உயர் அதிர்வெண் மின்சாரம் தருவது. துணி ஆலைக்கு என்று சொல்லி வாங்கினார்கள். விற்பனைப் பட்டியலில் அது ரகசியமே இல்லை. அந்தப் பட்டியலை யாராவது பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கஹூட்டாவை நம்முடைய ரா கண்டுபிடித்தது பற்றி ஒரு கதை சொல்லுவாங்க: முடிதிருத்தும் கடையில் விழுந்த விஞ்ஞானிகளின் முடியை எடுத்து வந்து சோதித்தார்கள் என்று. கதையாகவே வைத்துக்கொள்வோம். கதையில்கூடப் பாருங்க, முடியை எடுத்து வந்தவர்தான் நாயகன். முடியில் கதிரியக்கத்தைத் தேடலாமே என்று யோசித்த ஆளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது!

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இந்த யோசிக்கிற ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டது. 1939-ல் ஆர்.வி. ஜோன்ஸ் என்ற இளம் இயற்பியலாளரை விமானப்படை அமைச்சகத்தின் உளவுப்பிரிவில் உட்கார வைத்தார்கள். அந்த நவம்பரில் ஜெர்மன் ரேடார், ராக்கெட் பற்றியெல்லாம் சொல்லும் அநாமதேயக் கடிதம் ஒன்று ஆஸ்லோவிலிருந்து வந்தது. இது ஜெர்மானியர் வைத்த பொறி என்று படை அதிகாரிகள் பலர் ஒதுக்கினார்கள். ஜோன்ஸ் வைத்துக்கொண்டார். அடுத்த சில வருடங்களில் என்னென்ன தேடலாம் என்பதற்கு அவருக்கு அதுவே பட்டியலாக உதவியது.

நம் ஊருக்கு வருவோம். திருச்சியில் பிறந்து மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் படித்த கே. சுப்ரமணியம், ஐ.ஏ.எஸ். அதிகாரியாகி, 1970-களின் கடைசியில் கூட்டு உளவுக் குழுவின் தலைவராக இருந்தார். 1999 கார்கில் போருக்குப் பின் அமைத்த மறுஆய்வுக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்த அறிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் செயற்கைக்கோள் இல்லை, ஆளில்லா விமானம் இல்லை என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உளவு அமைப்புகளுக்கு வேலையைக் குறித்துக் கொடுக்கவும், கொடுத்த வேலையைச் செய்தார்களா என்று பார்க்கவும் முறையான ஏற்பாடே இல்லை என்று அது சொல்கிறது. அதாவது சேகரிக்கிறவரே எது முக்கியம் என்றும் முடிவு செய்கிறார். மாணவனே கேள்வித்தாள் தயாரித்துக்கொள்கிற மாதிரி.

அதன் பிறகு அமைச்சர்கள் குழு 2001-ல் பரிந்துரை செய்து, தேசியப் பாதுகாப்பு ஆலோசகரின் கீழ் உளவு ஒருங்கிணைப்புக் குழு வந்தது. 2004-ல் என்.டி.ஆர்.ஓ. வந்தது. ராவில் வேலை பார்த்து ஓய்வுக்குப் பின் சென்னையில் குடியேறிய பி. ராமன், 2000-ல் இந்தச் சீரமைப்புக்காக அமைந்த பணிக்குழுவில் ஒருவர். 2013-ல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய கட்டுரைகள் பெரும்பாலும் பத்திரிகைச் செய்தி, அரசு அறிவிப்பு மாதிரி யாரும் பார்க்கக்கூடிய விஷயங்களை வைத்தே எழுதப்பட்டவை. நல்ல கேள்வி கையில் இருந்தால் ரகசியக் கோப்பு இல்லாமலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரை உதாரணமாகச் சொல்வேன்.

அமெரிக்கா இதற்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறது. ஒரு பக்கம் நாடுகள், இன்னொரு பக்கம் விஷயங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 5 வரை ஒரு எண். 2003 முதல் இந்த வடிவம். ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் எண் போடுகிறவர் மனதில் இல்லாதது கட்டத்துக்குள் வராது. அந்தக் கட்டத்துக்கு முந்தைய காலத்தில், 1998 மே 11-ல் நாம் பொக்ரானில் சோதனை செய்தது அவர்களுக்கு நம் அறிவிப்பைக் கேட்டுத்தான் தெரிந்தது. அணு ஆயுதத்தைக் கையிலெடுப்போம் என்று பா.ஜ.க. தேர்தல் அறிக்கையிலேயே அச்சடித்திருந்தது. அட்மிரல் ஜெரமையா விசாரித்துச் சொன்னதன் சாரம்: இந்தியாவும் நம்மைப் போலத்தான் யோசிக்கும் என்று நினைத்துவிட்டோம்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இருக்கிறதா? 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றது. மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருப்பது இந்தக் காந்தம்தான். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வண்டி செய்கிற ஊர்களுக்கு இது வயிற்றுப்பாடு. முன்னறிவிப்பு இல்லை என்று சொல்லவே முடியாது. 2010-ல் ஜப்பானோடு படகுத் தகராறு வந்தபோதே அருமண் அனுப்புவதை நிறுத்திக் காட்டினார்கள். 2023 டிசம்பரில் காந்தம் செய்யும் தொழில்நுட்பத்தையே ஏற்றுமதி செய்யத் தடை போட்டார்கள். அரசு அறிவிப்பாகவே வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் நம் பொதுத்துறை நிறுவனம் பல பத்தாண்டுகளாக மணல் அள்ளுகிறது. அந்த மணலின் மோனசைட்டில் கிடைப்பது பெரும்பாலும் இலேசான அருமண் வகைகள். சூட்டைத் தாங்கும் காந்தத்துக்குத் தேவையான டிஸ்ப்ரோசியம், டெர்பியம் அதில் சொற்பம். இதுவும் பாடப்புத்தக விஷயம். உள்நாட்டிலேயே காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2025 நவம்பரில்.

2023 டிசம்பருக்கும் 2025 ஏப்ரலுக்கும் நடுவில் பதினைந்து மாதம் இருந்தது. சீனாவில் எந்த ஆலை எந்தக் கலவையைச் செய்கிறது, எந்தக் காப்புரிமை எப்போது காலாவதியாகிறது, டிஸ்ப்ரோசியம் இல்லாத காந்தத்தில் யார் முன்னால் போகிறார்கள் என்பதையெல்லாம் தேட அது நல்ல அவகாசம். ஏவுகணையும் நீர்மூழ்கியும் முதல் வரிசையில் இருக்கும். அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஏவுகணைக்குக் கேட்பதற்குப் படைத்துறை இருக்கிறது. காந்தத்துக்குக் கேட்பது யார்? கனரகத் தொழில் அமைச்சகமா, சுரங்க அமைச்சகமா, அணுசக்தித் துறையா? மூன்று பேருக்கும் பங்கு உண்டு என்றால் யாருடைய கேள்வியும் இல்லை என்றுதான் நடைமுறையில் அர்த்தம்.

வெளியுறவுத்துறை 2020-ல் புதிய தொழில்நுட்பங்களுக்கென ஒரு பிரிவு தொடங்கியது. அப்துல் கலாம் 1999-ல் முதலில் உட்கார்ந்த முதன்மை அறிவியல் ஆலோசகர் நாற்காலியும் இருக்கிறது. பட்டியலைக் கேட்டு வாங்கும் வேலையை அந்த நாற்காலிக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. வருடத்துக்கு ஒரு தடவை அடையாறில் ஐ.ஐ.டி. பேராசிரியரிடமும், அம்பத்தூரில் உதிரிபாகம் வாங்கும் மேலாளரிடமும், “வெளிநாட்டிலிருந்து எது வராமல் போனால் உங்கள் வேலை நிற்கும்?” என்று கேட்டுவிட்டு வரட்டும். இதில் வில்லங்கமும் உண்டு. அரசு உளவு ஒரு கம்பெனிக்கு லாபம் தேடித் தரலாமா, பத்துக் கம்பெனி கேட்டால் யாருக்கு முதலில் சொல்வது, பட்டியல் வெளியே கசிந்தால் நம்முடைய பலவீனங்களை நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகாதா. கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் சுலபமாகத் தெரிகிறது. காந்தம் விற்கிறவருக்கு நாம் எவ்வளவு வாங்குகிறோம் என்பது ஏற்கெனவே தெரியும். பில் அவரிடம்தான் இருக்கிறது.