ஆயிரம் ரூபாய் வந்து சேர்ந்த நேரம்

இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்கென 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. நாட்கூலியோடு, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையையும் அது கட்டுக்குள் வைத்தது. கரிசனம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவிலிருந்து ஆள் வரத்து நின்றுவிடுமோ என்ற பயம்தான். பெண்ணுக்குக் குறைந்த கூலி என்று வைத்ததும் அதே ஏற்பாடுதான். பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குச் சமமாக 1984 ஆனது. இருந்தாலும் 1927-இன் காலம், அரிசி விலையை ஒதுக்கிவிட்டுக் கூலியைப் பேச முடியாத காலம்.

இந்தக் காலத்தில் பேசியதெல்லாம் ஒரே ஒரு எண்: நாளுக்கு ஆயிரம் ரூபாய். 2015-இல் தொழிற்சங்கங்கள் கேட்கத் தொடங்கின. 2016-இல் அடிப்படைச் சம்பளம் 500 ஆனது, 2019-இல் 700. தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் ஆயிரம் வந்து போனது. கடைசியில் சம்பள நிர்ணயச் சபை வழியாக 2021 மார்ச்சில் அது கைக்கு வந்தது.

வந்த நேரம் பாருங்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் காலைக்கும் பகலுக்கும் ரொட்டிதான். அப்போது கோதுமை மாவு கிலோ சுமார் நூறு ரூபாய். ஒரு நாள் கூலிக்குப் பத்துக் கிலோ அளவுக்கு வாங்கலாம். அடுத்த ஆண்டே டொலர் 200-இலிருந்து 360-க்கு ஏறியது, மாவு 300-ஐத் தாண்டியது. 2022 செப்டம்பரில் கொழும்பின் உணவு விலையேற்றம் 94.9 சதவீதம். கூலி மட்டும் அதே ஆயிரம். மூன்று கிலோ மாவுக்கே சரி. ரொட்டி மெலிந்தது, சம்பலில் தேங்காய் குறைந்து மிளகாய் கூடியது. தேத்தண்ணியில் சீனி கரைப்பதை விட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துத் தொட்டுக்கொண்டு குடிப்பது மறுபடி வழக்கத்துக்கு வந்தது.

அந்த ஆயிரமும் முழுசாகக் கிடைத்தால்தானே! தோட்டம் சொன்ன கிலோ தேயிலைக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார்கள். சம்பளச் சீட்டில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ் என்று வரிசையாகப் பிடித்தம். கடைக்காரர் அரைப்பேர் விலையில் மாவு தரமாட்டார்.

2024-இல் 1,700 என்று அரசு வர்த்தமானியில் போட்டது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் 1,350-இல் வந்து நின்றது. மாவு விலை அதற்குள் இறங்கியது உண்மை, ஆனால் 2021-இன் விலைக்குத் திரும்பவில்லை. 2026-க்கான வரவு செலவுத் திட்டம் சொல்வது 1,750: கம்பனி 1,550, வேலைக்கு வந்தால் அரசு 200. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பது என்பதை மட்டும் இன்னும் தோட்டத்துரைதான் முடிவு செய்கிறார்.