ஒளியா, ஒலியா? மைக்கைச் செருகிப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் ஒரே கொண்டாட்டமாக இருக்கும். அதன் பிறகு கார் ரேஸ், சினிமாப் பாட்டு என்ற அளவில் நின்றுவிடும். பூண்டியில் இருக்கும் என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். (சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி ஏரி அல்ல. கொடைக்கானலில் இருந்து மன்னவனூர், கவுஞ்சி தாண்டிப் போனால் வரும் மலைக் கிராமம். புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் பகுதி.)

"பூண்டு வித்த காசுல வாங்குனது மாப்ளே. இவ கார் ஓட்டி விளையாடவா வாங்குனேன்? யாராச்சும் கேட்டா குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் மச்சான்.

அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு. அவளது அறிவியல் நோட்டைப் புரட்டினேன். ‘ஒளி’ வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘ஒலி’ என்று எழுதி, ஏழு இடத்தில் சிவப்பு வட்டம் வாங்கியிருந்தாள். எழுத்துப் பிழைதானே என்று ‘ள’ போட்டால் வெளிச்சம், ‘ல’ போட்டால் சத்தம் என்று சொல்லிக் கொடுத்தேன். உடனே அவள் கேட்டாள்: "ரெண்டும் ஒண்ணாத்தானே மாமா வருது? கேம்ல கார் இடிக்கும்போதே சத்தமும் கேட்குதே!"

நியாயமான கேள்வி. பிழை எழுத்தில் இல்லை. டி.வி., கம்ப்யூட்டர் முன்பே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரிய வழியே இல்லை. காற்றில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அரை மீட்டர் தள்ளி உள்ள ஸ்பீக்கரில் இருந்து காதுக்கு வர, ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்கு போதும். இந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமானால் தூரம் வேண்டும். பூண்டியில் தூரத்துக்குப் பஞ்சமில்லை.

எதிர்ச் சரிவில் மச்சானின் தோட்டம். இரவில் காட்டுப்பன்றியும் காட்டுமாடும் இறங்காமல் இருக்க வெடி போடுவார். கம்ப்யூட்டர் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தினோம். நான் கொண்டு போயிருந்த ஹெட்போன் மைக்கைச் செருகினோம். பழைய கம்ப்யூட்டர்களில் மைக்குக்கு உரியது இளஞ்சிவப்பு நிறத் துளை. பச்சை நிறத் துளை ஸ்பீக்கருக்கு. மாற்றிச் செருகிவிட்டு மைக் ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். லேப்டாப் என்றால் மைக் உள்ளேயே இருக்கும்.

அடுத்து ‘அடாசிட்டி’ என்ற சாஃப்ட்வேர். 2000-ல் வெளியானது, இன்றும் இலவசம். அதில் உள்ள சிவப்பு வட்டத்தைக் கிளிக் செய்தால் ஒலிப்பதிவு தொடங்கும். ஒலி மேலும் கீழும் துடிக்கும் அலையாகத் திரையில் ஓடும். அக்கா மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "எதிர்மலையில் வெளிச்சம் தெரிந்த அந்த நொடியே மேஜையில் ஒரு தட்டு தட்டு."

இருட்டில் ஒரு மின்னல்போல் தெரிந்தது. தட்டினாள். அப்புறம் ஒன்றுமில்லை. "வெடி நமுத்துப் போச்சு மாமா" என்று திரும்பினாள். அப்போதுதான் ‘டொம்’ என்று கேட்டது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

பதிவை நிறுத்தியதும் திரையில் இரண்டு முட்கள் தெரிந்தன. ஒன்று மேஜைத் தட்டு, மற்றொன்று வெடி. முதல் முள்ளில் இருந்து இரண்டாவது வரை மவுஸால் இழுத்து செலக்ட் செய்தால், கீழே உள்ள செலக்ஷன் பகுதியில் எவ்வளவு நேரம் என்று காட்டும். (‘ஸ்டார்ட் அண்ட் லெங்த்’ என்பதைத் தேர்வு செய்து கொள்ளுங்கள்.) எங்களுக்கு வந்தது 2.4 விநாடி. 340 ஆல் பெருக்கினால் 816 மீட்டர்.

ஊர் திரும்பியதும் ‘கூகுள் எர்த்’தில் ரூலர் வைத்து அளந்தேன். நேர்க்கோட்டில் சுமார் 870 மீட்டர் காட்டியது. ஐம்பத்துச் சொச்சம் மீட்டர் எங்கே போயிற்று? அவள் கையில்தான்! வெளிச்சத்தைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கை தட்டுவதற்குச் சுமார் கால் விநாடிக்குள் ஆகிவிடும். தட்டு தாமதமானால் இடைவெளி குறையும், தூரமும் குறையும். குளிர் ஒலியின் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும். பூஜ்யம் டிகிரியில் ஒலியின் வேகம் 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். 340 என்பது 15 டிகிரிக்கு உரிய கணக்கு.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சில கம்ப்யூட்டர்களில் இரைச்சலைக் குறைக்கும் வசதி தூரத்துச் சத்தத்தையே அழித்துவிடும். மைக் செட்டிங்கில் ‘என்ஹான்ஸ்மென்ட்’ இருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள். வெடிக்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. எதிர் மொட்டை மாடிகளில் தீபாவளி ராக்கெட் வெடிப்பதே போதும்.

சரி, ஒளி தாமதம் ஆகாதா? ஆகும், ஆனால் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகம். சி.டி. தரத்தில் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையே ஒலி முக்கால் சென்டிமீட்டர்தான் நகரும். அதே நேரத்தில் ஒளி 6.8 கி.மீ. போயிருக்கும். பள்ளத்தாக்கைக் கடந்து வர ஒளிக்கு ஆன நேரம், கம்ப்யூட்டரின் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை!

மறுநாள் இன்னொன்று செய்தோம். மலை வளைவுகளில் பஸ்காரர்கள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வருவார்கள் அல்லவா? வாசலில் மைக்கை வைத்து அதைப் பதிவு செய்தோம். அடாசிட்டியில் ட்ராக் பெயரைக் கிளிக் செய்து ‘ஸ்பெக்ட்ரோகிராம்’ கொடுத்தால், அலைக்குப் பதிலாகக் கோடுகள் வரும். கோடு உயரத்தில் இருந்தால் கீச்சுக்குரல், தாழ இருந்தால் கட்டைக்குரல். பஸ் நம்மைத் தாண்டும் இடத்தில் கோடு ஒரு படி கீழே இறங்குவதைப் பார்க்கலாம். 36 கி.மீ. வேகத்தில் போகும் பஸ் என்றால் ஆர்மோனியத்தில் பக்கத்துக் கட்டைக்கு இறங்கிய மாதிரி இருக்கும். நெருங்கி வரும்போது அலைகள் நெருக்கமாகவும், விலகும்போது நீண்டும் வந்து சேர்வதால் இப்படி ஆகிறது. இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர்.

ஒளியும் இப்படியே. கட்டைக்குரலுக்குச் சமம் சிவப்பு, கீச்சுக்குரலுக்குச் சமம் ஊதா. பழைய சி.டி. ஒன்றை மானிட்டரின் வெள்ளைத் திரைக்கு முன் சாய்த்துப் பிடித்தால் இந்த நிறங்கள் பிரிந்து தெரியும். அதில் உள்ள வரிகள் 1.6 மைக்ரான் இடைவெளியில் இருப்பதுதான் காரணம். சூரியனைச் சி.டி.யில் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

சூரிய ஒளியை இப்படி நிறம் பிரித்துப் பார்ப்பதற்காகவே கொடைக்கானலில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. 1899-ல் தொடங்கியது, இப்போது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. ஜான் எவர்ஷெட் என்பவர் 1909 ஜனவரியில் அங்கே சூரியக் கரும்புள்ளியின் மங்கலான ஓரத்தை ஆராய்ந்தபோது, ஒளிக் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் ஊதாவை நோக்கியும் நகர்ந்திருந்தன. ஒரு பக்கம் வாயு நம்மை விட்டு விலகுகிறது, மறுபக்கம் நம்மை நோக்கி வருகிறது. அதாவது புள்ளியின் நடுவில் இருந்து வெளியே ஓடுகிறது. வேகம் விநாடிக்குச் சுமார் 2 கி.மீ. ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. அவரிடம் ஏது கம்ப்யூட்டர்? கண்ணாடித் தட்டில் பிடித்த போட்டோதான். நூறாண்டுக்கு மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்களை இப்போது டிஜிட்டலாக மாற்றியிருக்கிறார்கள்.

"சூரியன்ல சத்தம் வந்தா நமக்கு எப்ப மாமா கேட்கும்?" என்றாள் அக்கா மகள். நடுவில் காற்று இல்லை, அதனால் கேட்கவே கேட்காது என்றேன். "காத்து இருந்தா?" என்று விடவில்லை. கால்குலேட்டரைத் திறந்து கொடுத்தேன். தூரம் சுமார் 15 கோடி கி.மீ. ஒளி 8 நிமிடம் 20 விநாடியில் வந்துவிடுகிறது. ஒலிக்கு அவளே வகுத்துப் பார்த்தாள். 14 ஆண்டு வந்தது.

"எனக்கு இருபத்து நாலு வயசு ஆகிடும்" என்றாள். மச்சான் எட்டிப் பார்த்து, "கணக்குச் சரியா மாப்ளே?" என்று கேட்டுவிட்டு, அந்த ஹெட்போனை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.