முதலுதவிப் பெட்டி இருக்கு. திறந்ததும் எதை எடுப்பது? பயிற்சி இல்லாதவர்களுக்காக அதை மாற்றுவது எப்படி?

நிலக்கோட்டை பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மொட்டு விரிவதற்குள் பறித்து, காலையிலேயே பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் நல்ல விலை. அதனால் நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே செடிகளுக்குள் இறங்குகிறார்கள். வெளிச்சம் பூ மேல் விழும், காலடியில் விழாது.

அப்படிப் பறிக்கும்போது ஒருவர் காலில் ஏதோ கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ரூமில் ப்ளஸ் குறி போட்ட ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. ஓடிப் போய் எடுத்து வந்து திறக்கிறார்கள். பஞ்சு, காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், ஒரு பாட்டில் மருந்து, ஆயின்மென்ட், கத்தரிக்கோல், பிளாஸ்டர், பெயர் அழிந்துபோன நாலு மாத்திரை. எல்லாமே இருக்கு. ஆனா, முதலில் எதை எடுப்பது?

"கயித்தை இறுக்கிக் கட்டு", "பிளேடால கீறி ரத்தத்தை வெளியே விடு", "மஞ்சப்பொடி வை" என்று ஆளுக்கு ஒரு யோசனை வரும். பெட்டி மட்டும் எதுவும் சொல்லாது.

காலிப் பெட்டியைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். நிறைந்த பெட்டியைத் திறந்தும் கை நின்றுபோவது பற்றிப் பேசுவதில்லை. முதலுதவிப் பெட்டியின் வடிவமைப்பையே மாற்ற வேண்டும் என்ற வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெட்டி யாருக்காக உருவானது?

கடைகளில் விற்கும் முதலுதவிப் பெட்டிக்கு வயது 130-க்கு மேல். அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1888-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஊருக்கு வெகு தொலைவில் ரயில் பாதை போடும் தொழிலாளர்களை மனதில் வைத்து அது உருவாக்கப்பட்டது.

இந்தியாவில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும் என்றது. முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதாவது, திறப்பவருக்கு விஷயம் தெரியும் என்பதுதான் அந்தப் பெட்டியின் அடிப்படை.

பூந்தோட்டம், கமிஷன் கடை, சின்ன பட்டறை, ஐந்து பேர் இருக்கும் ஸ்டார்ட்-அப் அலுவலகம், உங்கள் வீட்டுச் சமையலறை... இங்கெல்லாம் சான்றிதழ் வாங்கியவர் எங்கே இருக்கிறார்? திறப்பவர் பெரும்பாலும் பதற்றத்தில் இருக்கும் சாதாரண ஆள். சில நேரம் அடிபட்டவரே ஒற்றைக் கையால் திறக்க வேண்டியிருக்கும்.

சுலபமாக இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. அதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

1904-ல் லாடர் பிரன்டன், ஜோசப் ஃபேரர், லெனார்ட் ராஜர்ஸ் என்ற மூன்று மருத்துவர்கள் பாம்புக்கடிக்கு ஒரு கருவியை முன்வைத்தார்கள். பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்ன மரக்குழாய். ஒரு முனையில் கூரான கத்தி. மறுமுனையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகங்கள். கடித்த இடத்தைக் கீறு, படிகத்தைத் தேய். யாரும் செய்யலாம், எங்கேயும் செய்யலாம் என்பதுதான் அதன் பலமாகச் சொல்லப்பட்டது.

ஆனால், அந்த யோசனையே தவறு என்று பிறகு தெரிந்தது. சோதனைக் குழாயில் பெர்மாங்கனேட் விஷத்தை முறிக்கும். உடலுக்குள் பரவிவிட்ட விஷத்தை அது எட்டாது. கீறுவதால் கிருமித்தொற்று வரலாம். விரியன் வகைப் பாம்புகளின் விஷம் ரத்தம் உறைவதையே தடுக்கும் என்பதால், கீறிய இடத்தில் ரத்தம் நிற்காமலும் போகலாம்.

அப்படியும் 'பாம்புக்கடிக் கத்தி' சட்டப் பட்டியல்களுக்குள் நுழைந்துவிட்டது. பல மாநிலங்களின் தொழிற்சாலை விதிகளில், முதலுதவிப் பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருட்களில் ஒன்றாக அது இடம்பெற்றது. ஒரு பொருள் பெட்டிக்குள் இருந்தால், பதற்றத்தில் இருப்பவர் அதைப் பயன்படுத்தத்தான் பார்ப்பார். எனவே பெட்டியை மாற்றும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். சரியானதைச் செய்வது சுலபமா? தவறானதைச் செய்வது கஷ்டமா?

சரியாக மாறிய மூன்று உதாரணங்கள்

முதலாவது, நாம் எல்லோரும் ஒட்டிக்கொள்ளும் பேண்ட்-எய்ட். ஜான்சன் அண்ட் ஜான்சனில் பஞ்சு கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த எர்ல் டிக்சன் 1920-ல் உருவாக்கியது. அவர் மனைவி ஜோசஃபினுக்குச் சமையலறையில் அடிக்கடி விரலில் காயம்படும். இன்னொருவர் உதவி இல்லாமல் அவரே கட்டுப் போட முடியாது. அதனால் ஒட்டும் நாடாவின் நடுவில் காஸ் துணியை முன்கூட்டியே வைத்துவிட்டார் டிக்சன். முதலில் அது நீளப் பட்டையாக வந்தது; வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். 1924-ல் தயாராக வெட்டிய அளவுகளில் இயந்திரத் தயாரிப்பு தொடங்கியது. மருந்து புதிதல்ல, துணியும் புதிதல்ல. காயம்பட்டவர் செய்ய வேண்டிய வேலைதான் ஒவ்வொன்றாகக் குறைந்தது.

இரண்டாவது, விமான நிலையங்களிலும் மால்களிலும் சுவரில் மாட்டியிருக்கும் ஏஇடி கருவி. திடீரென்று தாறுமாறாகிவிட்ட இதயத்துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவதற்கானது. திறந்ததும் அதுவே பேசும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லும். அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் எந்தப் பயிற்சியும் தராமல், பொம்மை மீது இதைப் பயன்படுத்தச் சொன்னார்கள். 1999-ல் வெளியான அந்த ஆய்வில், மின் அதிர்ச்சி கொடுக்கும் நிலைக்கு வர மாணவர்களுக்குச் சராசரியாக 90 விநாடி ஆனது. பயிற்சி பெற்ற அவசர மருத்துவப் பணியாளர்களுக்கு 67 விநாடி. வித்தியாசம் அவ்ளோதான்.

மூன்றாவது, வெறும் ஓர் அட்டை. கை, காலில் நிற்காத ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டூர்னிக்கே பட்டையைப் பயிற்சி இல்லாதவர்களிடம் கொடுத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். 2015-ல் வந்த முடிவுகளின்படி, பட்டையை மட்டும் பெற்றவர்களில் சுமார் 20% பேர்தான் சரியாகக் கட்டினார்கள். பட்டையோடு விளக்க அட்டையும் பெற்றவர்களில் சுமார் 44% பேர். ஓர் அட்டை வெற்றியை இரட்டிப்பாக்கியது. அப்போதும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தவறவிட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அட்டை பயிற்சிக்கு மாற்று ஆகாது. ஒன்றுமே இல்லாததற்குத்தான் மாற்று.

உங்கள் பெட்டியை எப்படி மாற்றுவது?

புதுப் பெட்டி வாங்க வேண்டாம். இருக்கிற பொருட்களை 'என்ன மருந்து' என்று அடுக்காமல், 'என்ன நடந்தது' என்று அடுக்கினாலே பாதி வேலை முடிந்தது. நாலு ஜிப் கவர் போதும். ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் ஒரே வார்த்தை, ஒரு படம். உள்ளே முதலில் கைக்கு வருவது அட்டை. பொருள் அதற்குப் பின்னால். அட்டையில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.

*ரத்தம்:* கையுறை, தடிமனான காஸ் துணிகள், ரோலர் பேண்டேஜ். அட்டை சொல்ல வேண்டியது: கையுறை போடு. துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்து. 'நின்னுடுச்சா' என்று எடுத்துப் பார்க்காதே. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வை. காபித்தூள், மஞ்சப்பொடி வேண்டாம்.

*தீக்காயம்:* இந்த அட்டையின் முதல் வரி பெட்டியைப் பற்றியதே அல்ல. 'குழாயடிக்குப் போ' என்பதுதான் அது. ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்ற வேண்டும். பிறகு ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூட வேண்டும். டூத்பேஸ்ட், தோசை மாவு, இங்க் எதுவும் தடவக் கூடாது.

*எலும்பு:* முக்கோணத் துணி, மடித்த அட்டை, ரோலர் பேண்டேஜ். வளைந்திருப்பதை நேராக்க முயற்சிக்காதே. இருக்கிற நிலையிலேயே அசையாமல் கட்டு.

*பாம்பு:* இந்தக் கவரில் மருந்தே கிடையாது. ஓர் அட்டை, அகலமான துணி, கைக்கோ காலுக்கோ முட்டுக்கொடுக்க ஒரு நீள மட்டை, ஒரு பேனா.

பாம்புக் கவரில் ஏன் மருந்து இல்லை?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். தமிழக அரசு 2024 நவம்பரில், பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்தது.

விஷத்துக்கு மருந்து விஷமுறிவு ஊசி மட்டும்தான். அதை மருத்துவமனையில்தான் போட முடியும். அதுவரை முதலுதவி செய்யக்கூடியது நேரத்தை வீணாக்காமல் இருப்பதும், இன்னொரு கெடுதல் செய்யாமல் இருப்பதும்தான்.

கயிற்றால் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, அந்தப் பகுதியின் சதையே அழுகலாம். கட்டைத் திடீரென்று அவிழ்க்கும்போது தேங்கியிருந்த விஷம் மொத்தமாகப் பரவவும் வாய்ப்புண்டு. அதனால் அட்டை இப்படி இருக்கலாம்:

1. தைரியம் சொல்லுங்க. எல்லாக் கடியும் விஷக்கடி இல்லை. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.
2. நடக்க விடாதீங்க. மோதிரம், கொலுசு, மெட்டி, செருப்பைக் கழற்றுங்க.
3. எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்க. ஒரு விரல் உள்ளே போகணும்.
4. கடித்த நேரத்தை எழுதுங்க. 108-க்கு போன் பண்ணுங்க.
5. கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், பாம்பைத் தேடிப் போக வேண்டாம்.

பேனா எதற்கு? கடித்த நேரம், இமை எப்போது தொங்க ஆரம்பித்தது, பேச்சு எப்போது குழறியது, ஈறில் ரத்தம் கசிந்ததா... சிகிச்சையை முடிவு செய்ய டாக்டருக்கு இவை எல்லாம் தேவை. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலும் போகலாம். 'சின்னக் கடிதானே' என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

பெட்டியிலிருந்து எதை எடுத்துவிடலாம்?

பிளேடு, கயிறு, பெயர் தெரியாத ஆயின்மென்ட், காலாவதியான பாட்டில். மாத்திரைகளையும் தனியாக வைப்பது நல்லது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு, முதலுதவிப் பெட்டியில் மாத்திரையே வைக்க வேண்டாம் என்கிறது. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு அலர்ஜி ஆகலாம். இங்கே கூடுதலாக ஒரு காரணமும் உண்டு: தலைவலி மாத்திரைக்காகத் தினமும் திறக்கப்படும் பெட்டி, அவசரத்தின்போது கலைந்துதான் கிடக்கும்.

பூட்டும் வேண்டாம். சாவி வைத்திருப்பவர் அன்றைக்கு லீவாக இருப்பார்.

மூடியின் உள்பக்கத்தில் மூன்று விஷயங்கள் எழுதி ஒட்டலாம். ஒன்று, 108. இரண்டு, இந்த இடத்தின் முகவரி, ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டிய அடையாளம். பதற்றத்தில் சொந்தத் தோட்டத்துக்கே வழி சொல்லத் தடுமாறுவார்கள். மூன்று, அருகிலிருக்கும் அரசு மருத்துவமனை. நிலக்கோட்டைக்காரர்களுக்கு ஊரிலேயே அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்கு திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

காரில் வைக்கும் பெட்டியில் நான்காவது வரியும் சேர்க்கலாம். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்கு வராது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. 'கேஸ் வந்துடுமோ' என்ற பயத்தில் தயங்கி நிற்பவருக்கு, பேண்டேஜை விட அந்த ஒரு வரி முதலில் உதவும்.

சரியாக மாற்றியாச்சா என்று எப்படித் தெரியும்?

பெட்டியைத் தயார் செய்தவருக்கு அது எப்போதும் சுலபமாகத்தான் தெரியும். அதனால் அவர் சோதிக்கக் கூடாது. அலுவலகம் என்றால் வாட்ச்மேனிடமோ நேற்று சேர்ந்தவரிடமோ கொடுங்கள். வீடு என்றால் ஏழாவது படிக்கும் பிள்ளையிடம். தோட்டம் என்றால் பூப்பறிக்க வரும் அக்காக்களிடம். 'இவருக்குக் கையில் ரத்தம் வருது' என்று மட்டும் சொல்லிவிட்டு, போனில் ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள்.

எங்கே தயங்குகிறார்கள், எந்தக் கவரைத் தப்பாக எடுக்கிறார்கள், எந்த வார்த்தையை இரண்டு தடவை படிக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தை மாற்றுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் இருந்தால் படத்தைப் பெரிதாக்குங்கள். விடிவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் ஒரு தடவை திறந்து பாருங்கள். நீல இங்க்கில் எழுதியது தெரியாவிட்டால் கறுப்பு மார்க்கரில் திரும்ப எழுதுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யலாம். காலாவதித் தேதியும் அப்போதே பார்த்தாகிவிடும்.