மலையின் படமும் லயத்தின் படமும்

மண்சரிவு வரைபடம் என்றதும் பதுளைப் பக்கத்தில் பலரும் கேட்பது ஒன்றுதான்: "எங்க லயம் சிவப்பிலயா இருக்கு?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் கிடைத்ததும் விசயம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். தேத்தண்ணியைக் குடித்தபடி படிப்படியாகப் பார்ப்போம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இந்த வரைபட வேலையை ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்டவை பதுளையும் நுவரெலியாவும்தான். மலை எவ்வளவு செங்குத்து, அடியில் என்ன பாறை, அதன்மேல் எவ்வளவு ஆழத்துக்கு மண், மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது, நிலத்தின் வடிவம் என்ன, மேலே இருப்பது காடா தேயிலையா வீடா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால் அந்த இடத்துக்கு நிறம் கிடைக்கும்.

அந்த நிறம் மலையைப் பற்றியது. அங்கே இருக்கிற நம்மைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆபத்து வேறு, இடர் வேறு. அடுப்பில் வெந்நீர் கொதிப்பது ஆபத்து. பக்கத்தில் பிள்ளை தவழ்கிறதா, தூக்க ஆள் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இடர் எவ்வளவு என்று தெரியும். ஆளில்லாத காட்டில் பெரிய சரிவு வந்தாலும் இடர் குறைவு. சின்னச் சரிவின் அடியில் பிள்ளைக்காம்பரா இருந்தால் இடர் கூட.

கொஸ்லந்தை மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் வந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மலையின் நிலைமை தெரிந்தேதான் இருந்தது. எழும்பிப் போய்க் குடியிருக்கப் பாதுகாப்பான காணியும் வீடும் அந்தச் சனத்தின் கையில் இல்லை என்பதை எந்த நிறமும் காட்டவில்லை. தோட்டத்தில் இடரின் பாதி அதுதான் என்பேன்.

ஆகவே ஸ்பிரிங்வெளி மாதிரித் தோட்டங்களில் இரண்டாவது படம் ஒன்று வேண்டும். கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிர்வாகமும் லயத்து மனிதரும் கூடி உட்கார்ந்து வரையும் படம் அது. நடக்க முடியாதவர் எந்தக் காம்பராவில் இருக்கிறார், எந்தக் கான் அடைத்துக் கிடக்கிறது, வீடு கட்ட எங்கே மண்ணை வெட்டினார்கள் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். மனிதர் உண்டாக்கும் ஆபத்தையும் விடக்கூடாது. உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்து, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இரு, 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. நடுராவில் 150ஐத் தாண்டினால் யார் எந்தக் கதவைத் தட்டுவது? ஒதுங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை ஓடையைக் கடக்கிறதா? இவற்றையும் அந்த இரண்டாவது படத்தில் பென்சிலால் குறித்தால் போதும். லயத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஐப்பசி மழைக்கு முன்பு வருசா வருசம் அழித்துத் திருத்த வேண்டியிருக்கும்.