பிரசார் பாரதி

பிரசார் பாரதி என்பது இந்தியாவின் பொது ஒலி, ஒளிபரப்புக் கழகம் ஆகும். அகில இந்திய வானொலி, தூர்தர்சன் ஆகியன இதன் இரு பிரிவுகள். நாடாளுமன்றம் 1990 இல் இயற்றிய சட்டத்தின்படி, 1997 நவம்பர் 23 அன்று இது நிறுவப்பட்டது.

பின்னணி

இந்தியாவில் செய்தித்தாள்கள் பெரும்பாலும் தனியார் உடைமையாக வளர்ந்தன. வானொலியோ 1930 முதல் அரசின் பொறுப்பில் இருந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கிய தொலைக்காட்சியும் அவ்வாறே அமைந்தது. 1975-1977 நெருக்கடிநிலையின்போது செய்தித்தாள்கள் முன்தணிக்கைக்கு உட்படுத்தப்பட்டன. அரசுத் துறையாகவே இயங்கிய வானொலியும் தொலைக்காட்சியும் ஆட்சியாளரின் குரலாயின.

இதன் விளைவாக, 1977 இல் ஜனதா அரசு பி. ஜி. வர்கீஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. "ஆகாஷ் பாரதி" என்னும் தன்னாட்சி அறக்கட்டளையை அக்குழு 1978 இல் பரிந்துரைத்தது. 1979 இல் கொண்டுவரப்பட்ட சட்டமுன்வரைவு, மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியானது. வி. பி. சிங் ஆட்சியில் 1990 இல் சட்டம் நிறைவேறியபோதும், அது நடைமுறைக்கு வர ஏழு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் செயற்கைக்கோள் வழியாகத் தனியார் அலைவரிசைகள் பரவின. தமிழில் சன் தொலைக்காட்சி 1993 இல் தொடங்கியது. ஒலி, ஒளிபரப்புக்கான அலைகள் பொதுச்சொத்து என 1995 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டக்கூறுகள்

பொதுநலன் சார்ந்த செய்திகளைத் தடையின்றியும் உண்மையாகவும் அறியும் குடிமக்களின் உரிமையைக் காப்பது கழகத்தின் கடமைகளுள் ஒன்று. மாநிலங்களவைத் தலைவர், இந்தியப் பத்திரிகை மன்றத் தலைவர், குடியரசுத் தலைவரின் நியமனர் ஆகிய மூவர் குழுவின் பரிந்துரைப்படி கழகத்தின் தலைவர் நியமிக்கப்படுகிறார். நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி முதலிய காரணங்களுக்காக அரசு கழகத்திற்கு உத்தரவிடலாம். அவ்வாறு ஒலிபரப்பும்போது, அது அரசின் உத்தரவு என்பதைக் கழகம் விரும்பினால் அறிவிக்கலாம்.

விமர்சனங்கள்

ஊதியச் செலவுக்கு அரசின் மானியத்தையே கழகம் சார்ந்திருப்பதால் தன்னாட்சி முழுமை பெறவில்லை என்பர். 2014 மக்களவைத் தேர்தலின்போது, அப்போது எதிர்க்கட்சி வேட்பாளராக இருந்த நரேந்திர மோதியின் தூர்தர்சன் நேர்காணலில் சில பகுதிகள் நீக்கப்பட்டது சர்ச்சையானது. 2017 இல் திரிபுரா முதலமைச்சர் மாணிக் சர்க்காரின் விடுதலை நாள் உரை, மாற்றி அமைக்காவிட்டால் ஒலிபரப்பப்படாது எனக் கூறப்பட்டதாக மாநில அரசு குற்றம் சாட்டியது. இவ்விரு நிகழ்வுகளின்போதும் நடுவண் அரசில் இருந்தவை வெவ்வேறு கட்சிகள்.

தனியார் பண்பலை வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லாததால், வானொலிச் செய்திக்கு நேயர்கள் பெரிதும் இக்கழகத்தையே சார்ந்துள்ளனர்.